ஜப்பானின் குடும்பப் பதிவேட்டில் நம்மவர் பெயர்: வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானியரை மணந்தவர்கள், மணக்க இருப்பவர்கள், பணி நிமித்தம் அங்கே குடியிருப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோரிடமிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களைச் சுருக்கியும் எழுதியவர்களின் பெயர்களை நீக்கியும் வெளியிடுகிறோம்.

கேள்வி: தோக்கியோவில் பணிபுரியும் என் மகள் உடன் பணிபுரியும் ஜப்பானியர் ஒருவரை மணக்க விரும்புகிறாள். மாப்பிள்ளை வீட்டார் அவருடைய குடும்பப் பதிவேட்டின் நகல் என்று ஒரு தாளை அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்பதற்கு இந்தத் தாள் போதுமா? திருமணத்துக்குப் பிறகு என் மகளுக்கு என்ன சான்றிதழ் தருவார்கள்?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு வந்திருப்பது 'கோசெகி தோஹோன்' எனப்படும் முழு நகல். நம் ஊரில் பிறப்புக்கு ஒரு சான்றிதழ், திருமணத்துக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதைப் போல அங்கே இல்லை. ஒரு கணவன், மனைவி, அவர்களுடைய திருமணமாகாத பிள்ளைகள் ஆகியோரை ஒரே பதிவேட்டில் வைத்து, பிறப்பு, தத்து, திருமணம், விவாகரத்து, இறப்பு ஆகிய எல்லாவற்றையும் அந்தந்த நபரின் பெயருக்குக் கீழே வரிசையாக எழுதிவைப்பதே கோசெகி. நாடு முழுவதற்குமான முதல் பதிவேடு 1872இல் எழுதப்பட்டது. அதில் சிலரின் பழைய சாதி நிலையும் இடம்பெற்றிருந்ததால், திருமணத்துக்கும் வேலைக்கும் ஆள் பார்க்கிறவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து ஒதுக்குகிற கொடுமை நடந்தது. ஆகவே 1968இல் அந்தப் பழைய ஏடுகளை யாரும் பார்க்க முடியாதபடி மூடிவிட்டார்கள். இன்றைய பதிவேட்டையும் உரியவரும், அவருடைய கணவன் அல்லது மனைவியும், நேர் வழியில் வரும் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும்தான் பொதுவாகக் கேட்டுப் பெற முடியும். நீங்கள் ஆள் வைத்து விசாரித்து வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். மாப்பிள்ளையே வாங்கித் தந்தால்தான் உண்டு.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்துப் பதிவேடுகள் இருந்த காலத்தில், திருமணமாகியோ விவாகரத்தாகியோ பதிவேட்டை விட்டு வெளியேறியவரின் பெயர் மீது பெரிய பெருக்கல் குறி போடுவார்கள். ஒரு முறை விவாகரத்தானவரை இன்றும் ஜப்பானியர் 'பத்சு இச்சி', அதாவது 'ஒரு பெருக்கல் குறி', என்று பேச்சுவழக்கில் சொல்வது அதனால்தான். கணினிப் பதிவேடு வந்த பிறகு குறி போய்விட்டது. பெயருக்குப் பக்கத்தில் 'நீக்கம்' என்று ஒரு சிறு கட்டம் மட்டும் இருக்கும். ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பதிவேடு இருக்கும் இடத்துக்கு 'ஹொன்செகி' என்று பெயர். அது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டியதில்லை, பிறந்த ஊராகவும் இருக்க வேண்டியதில்லை, நாட்டின் எந்த முகவரியாகவும் இருக்கலாம். தோக்கியோ அரண்மனையின் முகவரியையே ஹொன்செகியாகப் பதிந்துகொண்ட குடிமக்கள் ஏராளம். (இதில் ஒரு வேடிக்கை: அந்த அரண்மனையில் இருக்கும் அரச குடும்பத்துக்குக் கோசெகி கிடையாது, அவர்களுக்குத் தனி வம்சாவளிப் பதிவேடு.) ஒருவர் தம் ஹொன்செகியை வேறொரு நகராட்சிக்கு மாற்றினால் அங்கே புதிய பதிவேடு திறக்கப்படும்; அதில் முன்பு நடந்து முடிந்த விவாகரத்து எடுத்து எழுதப்படுவதில்லை. எனவே உங்கள் கையில் இருக்கும் தாள் பொய் சொல்லவில்லை என்றாலும், முழுக் கதையையும் சொல்லாமல் இருக்கக்கூடும்.

முழுக் கதையும் வேண்டுமானால், 'பிறந்தது முதல் இன்றுவரையிலான எல்லாப் பதிவேடுகளும்' என்று கேளுங்கள். இடம் மாறியதாலோ எல்லோரும் நீங்கியதாலோ முடிந்துபோன அவருடைய பழைய பதிவேடுகளும் இதில் அடங்கும் (1968இல் மூடிய 1872ஆம் ஆண்டு ஏடுகள் அல்ல). அவற்றை 150 ஆண்டுகள் பாதுகாக்கிறார்கள். 2024 மார்ச் 1 முதல் உரியவர் நேரில் போனால் வேறு ஊர்களில் இருக்கும் தம் பதிவேடுகளையும் அருகிலுள்ள நகராட்சி அலுவலகத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். இப்போதைய பதிவேட்டுக்கு 450 யென், முடிந்துபோனதற்கு 750 யென். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் பலர் தயங்குகிறார்கள். வாரிசாகச் சொத்தைக் கோரப் போனால் அங்குள்ள வங்கியும் இதையேதான் கேட்கும் என்பதால், அங்கே இது அவ்வளவு விபரீதமான வேண்டுகோள் அல்ல என்பது என் கருத்து.

இரண்டாவது கேள்விக்கான பதில் உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். வெளிநாட்டவருக்குக் கோசெகி கிடையாது. திருமணத்தைப் பதிந்ததும் மாப்பிள்ளை தம் பெற்றோரின் பதிவேட்டிலிருந்து பிரிந்து, அவர் பெயரில் புதிய பதிவேடு உண்டாகும். அதில் அவருடைய 'திருமணம்' என்ற பகுதியில் 'மனைவியின் பெயர்', 'மனைவியின் குடியுரிமை: இந்தியா', 'மனைவியின் பிறந்த தேதி' என்ற வரிகளாக உங்கள் மகள் இடம்பெறுவாள். அவளுக்கென்று தனிக் கட்டம் இராது. அந்த நகலே அங்கே திருமணச் சான்று. இது தவிர, 'திருமண அறிவிப்பு ஏற்கப்பட்டது' என்ற ஏற்புச் சான்றிதழை 350 யெனுக்குத் தருவார்கள். கண்ணாடிச் சட்டகமிட்டுச் சுவரில் மாட்டக்கூடிய தடித்த தாளில் அலங்காரமாக வேண்டுமானால் 1,400 யென். இந்திய அலுவலகங்களில் காட்டுவதற்கு முதலில் சொன்ன பதிவேட்டு நகலே வலுவானது.

பெண் தரப்பில், அவள் திருமணம் செய்துகொள்ளத் தடையில்லை என்பதைக் காட்டும் ஆவணமும் பிறப்புச் சான்றிதழும், ஜப்பானிய மொழிபெயர்ப்போடு, தேவைப்படும். நம் வட்டாட்சியர் அலுவலகம் தரும் திருமணமாகாதவர் சான்றிதழ் ஒன்றை இங்கிருந்தே வாங்கி, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரையும் பெற்று அனுப்பிவிடுங்கள். பிறகு அலைய வேண்டாம். எந்தெந்தத் தாள் வேண்டும் என்பது வார்டுக்கு வார்டு மாறுவதால், அவள் பதியப்போகும் அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேட்டுவிடுவது நல்லது. அலுவலருக்குச் சந்தேகம் எழுந்தால் தாள்களைச் சட்ட விவகார அலுவலகத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். ஏற்கப்பட்டால் விண்ணப்பம் கொடுத்த நாளே திருமண நாளாகப் பதிவாகும்.

கேள்வி: மாப்பிள்ளை ஜப்பானியர். பழநியில் தாலி கட்டி, விருந்தும் வைத்துவிட்டோம். இந்தத் திருமணம் ஜப்பானில் செல்லுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாலி கட்டியதை வைத்து எந்த ஜப்பானிய அலுவலகமும் பதிவேட்டில் எழுதாது. ஷின்தோ கோயிலில் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறு சாக்கே என்ற அரிசி மது அருந்தும் அவர்களுடைய சொந்தச் சடங்குக்கும் அங்கே இதே நிலைதான். இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு படிவம் ஏற்கப்பட்டால்தான் அது திருமணம். இந்தியாவில் நடந்ததை அங்கே பதிய, இந்தியச் சட்டப்படி அது செல்லுபடியாகியிருக்க வேண்டும். இந்துத் திருமணச் சட்டம் இருவரும் அச்சட்டத்தின் பொருளில் இந்துக்களாக (பௌத்தர், சமணர், சீக்கியர் உட்பட) இருந்தால்தான் பொருந்தும். எனவே உங்கள் விஷயத்தில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவதே சிக்கலில்லாத வழி. சான்றிதழ் கிடைத்த பின், திருமணம் நடந்த மூன்று மாதங்களுக்குள் மாப்பிள்ளை அதை ஜப்பானியத் தூதரகத்திலோ தம் நகராட்சியிலோ கொடுத்து, பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

கேள்வி: எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். என் மனைவி ஜப்பானியர். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளைக்கு எந்தப் பெயர் போகும்? பிரசவத்தை மதுரையில் வைத்துக்கொள்ளலாமா என்றும் என் தாயார் கேட்கிறார்.
– வாசகர், நிஷிகசாய், தோக்கியோ

பதில்: உங்கள் தந்தையின் பெயர் முருகேசன், உங்கள் பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். நம்மைப் பொறுத்தவரை நீங்கள் மு. கார்த்திக். உங்கள் மனைவியின் பதிவேட்டிலோ கணவர் பெயர் என்ற இடத்தில், அயல்மொழிப் பெயர்களை எழுதும் கட்டகானா எழுத்தில் 'முருகேசன், கார்த்திக்' என்று, குடும்பப் பெயர் முன்னும் இடையில் ஒரு காற்புள்ளியுமாக, எழுதப்பட்டிருக்கும். அலுவலகத்தின் பார்வையில் நீங்கள் 'முருகேசன்-சான்'. மருத்துவமனையில் உங்கள் தந்தையின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டிருப்பார்கள், அனுபவித்திருப்பீர்கள்.

ஜப்பானியர் இருவர் மணந்தால் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்று குடிமைச் சட்டத்தின் 750ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் சொல்லிவிட்டது. வெளிநாட்டவரை மணந்தவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் மனைவி தம் பழைய குடும்பப் பெயரிலேயே இருப்பார். விரும்பினால், திருமணமான ஆறு மாதங்களுக்குள் ஓர் அறிவிப்பு மட்டும் கொடுத்து உங்கள் குடும்பப் பெயருக்கு மாறலாம். அதற்குப் பிறகு என்றால் குடும்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மாறினால் அவர் பெயரில் ஏறுவது உங்கள் பெயர் அல்ல, மாமனாரின் பெயர் என்பதை இருவரும் சிரித்துப் பேசி முடிவெடுங்கள்.

பிள்ளை தாயின் பதிவேட்டில் சேரும். ஆகவே தாயின் குடும்பப் பெயரே பிள்ளைக்கும். பெயருக்கு, அனுமதிக்கப்பட்ட 'காஞ்சி' எனும் சீன வழி எழுத்துகள், ஹிராகானா, கட்டகானா எனும் ஒலியெழுத்துகள் ஆகியவற்றையே பயன்படுத்த முடியும். லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லாத அந்த ஒலியெழுத்துகளில் நம் ழகரத்தைத் தேட வேண்டாம். 'யாழினி' என்று வைக்க ஆசைப்பட்டால் 'யாரினி' என்ற ஒலியோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும். 2025 மே 26 முதல் பெயரை எப்படிப் படிக்க வேண்டும் என்ற ஒலிக்குறிப்பும் பதிவேட்டில் ஏறுகிறது என்பதால், முதல் நாளே யோசித்து எழுதுங்கள். உங்கள் பெயரின் கட்டகானா வடிவமும் திருமணப் பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே பிறப்பு அறிவிப்பிலும் இருக்கட்டும். நெடிலைக் குறிக்கும் ஒரு கோடு கூடினாலும் பின்னாளில் இருவரும் ஒருவர்தானா என்று கேட்பார்கள். பிள்ளையின் ஜப்பானியக் கடவுச்சீட்டில் உங்கள் வழிப் பெயரையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்க, ஆதாரத்தோடு விண்ணப்பிக்கலாம்.

மதுரையில் பிரசவம் என்பதை நன்கு யோசியுங்கள். ஜப்பானில் பிறந்தால் பதினான்கு நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுத்தால் போதும். தாய் ஜப்பானியர் என்பதால் குடியுரிமை பிறப்பிலேயே வந்துவிடும். (1985 தொடங்கும்வரை தந்தை ஜப்பானியராக இருந்தால்தான் அந்த உரிமை கிடைத்தது.) இந்தியாவில் பிறந்தாலோ, தந்தை இந்தியக் குடிமகன் என்பதால் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமையும் பிறப்பிலேயே சேரும். அந்நிலையில் மூன்று மாதங்களுக்குள் பிறப்பு அறிவிப்போடு, 'ஜப்பானியக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம்' என்ற கட்டத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். தவறினால் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே ஜப்பானியர் அல்ல என்றாகிவிடும். சீமந்தம், தொட்டில், காதுகுத்து என்று மூன்று மாதம் ஓடுவது தெரியாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானில் பிறந்து ஜப்பானியக் கடவுச்சீட்டு வாங்கிய பிள்ளைக்கு, இந்தியரின் மகவு என்ற முறையில் இந்திய வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டை கிடைக்கும். உங்கள் தாயார் தோக்கியோவுக்கு வருவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: நாங்கள் இருவரும் இந்தியர்கள். யொகொஹாமாவில் எங்களுக்குக் குழந்தை பிறந்தது. வார்டு அலுவலகத்தில் கொடுத்த ஏற்புச் சான்றிதழ்தான் பிறப்புச் சான்றிதழா?
– வாசகி, யொகொஹாமா

பதில்: இரண்டு வகை உண்டு. ஏற்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் போன்ற சில விவரங்களே இருக்கும். நீங்கள் கொடுத்த பிறப்பு அறிவிப்புப் படிவத்தையே, மருத்துவர் எழுதிய பகுதி உட்பட, நகலெடுத்துச் சான்றளித்துத் தரும் 'பதிவு விவரச் சான்றிதழ்' இன்னொன்று. அதன் விலையும் 350 யென்தான். இதை இரண்டு மூன்று படிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது: உங்கள் குழந்தை எந்தக் கோசெகியிலும் ஏறவில்லை; படிவம் மட்டுமே அந்த அலுவலகத்தில் கிடக்கிறது, வெளிநாட்டவரின் பிறப்பு அறிவிப்பைப் பத்து ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள். பதினாறு வயதில் கல்லூரிக்கோ விசாவுக்கோ கேட்டுக்கொண்டு போனால் இல்லை என்பார்கள். குழந்தைக்கான வசிப்புரிமைக்கு முப்பது நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஜப்பானில் பிறந்ததால் மட்டும் ஜப்பானியக் குடியுரிமை வராது என்பதால், இந்தப் பதிவு தள்ளிப்போனால் இந்தியக் குடியுரிமைக்கு மத்திய அரசின் அனுமதியைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: என் கணவர் ஜப்பானியர். ஆறு வயதில் ஒரு மகன். இரண்டு மாதங்களாகச் சண்டை. பச்சை நிறக் கோடு போட்ட ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்துப் போடு என்கிறார். நான் போடவில்லை. அவரே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் என் நிலை என்ன?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒசாகா

பதில்: இந்தப் பகுதியை வாசித்து முடிக்கும் முன்பே ஒரு வேலையைச் செய்யுங்கள். உங்கள் வசிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்கு நேரில் சென்று, 'ரிகொன் தொதொகே ஃபுஜுரி மோஷிதெ' என்று கேளுங்கள். 'நான் நேரில் வந்து தந்தால் ஒழிய என் பெயரில் வரும் விவாகரத்து அறிவிப்பை ஏற்க வேண்டாம்' என்ற வேண்டுகோள் படிவம் அது. ஜப்பானியரின் வெளிநாட்டு மனைவியும் கொடுக்கலாம். முன்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2008 முதல் நீங்களாகத் திரும்பப் பெறும்வரை அது நிற்கும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம், அவர் காட்டியது இருவர் சம்மத விவாகரத்துப் படிவம் என்பதே. ஜப்பானில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது விவாகரத்துகள் நீதிமன்றத்துக்கே போகாமல் இந்த ஒற்றைத் தாளில் முடிகின்றன. கணவன், மனைவி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற கட்டத்தை நிரப்பி, ஒருவர் மட்டும் போய் நள்ளிரவில் காவலாளியிடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அலுவலர் கட்டங்கள் சரியாக நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்பாரே தவிர, மனைவியைக் கூப்பிட்டு உண்மையில் சம்மதமா என்று கேட்பதில்லை. வராத தரப்புக்குப் பிறகு ஓர் அறிவிப்புக் கடிதம் வரும். அப்போது பதிவேட்டில் ஏறியிருக்கும். கள்ளக் கையெழுத்தில் ஆன விவாகரத்து சட்டப்படி செல்லாதுதான். ஆனால் செல்லாது என்று குடும்ப நீதிமன்றத்தில் நிரூபித்துப் பதிவேட்டைத் திருத்துகிற பாரம் முழுவதும் உங்கள் தலையில் விழும். இவ்வளவு எளிதான முறையைச் சிலர் நாகரிகம் என்று புகழ்கிறார்கள். மொழி சரியாகத் தெரியாத மனைவிக்கு அது ஒரு பொறி என்றே நான் நினைக்கிறேன்.

பிள்ளை விஷயத்தில் சட்டம் மாறியிருக்கிறது. விவாகரத்துக்குப் பின் தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு மட்டுமே பெற்றோர் உரிமை என்ற நெடுங்கால விதியை 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் திருத்தியது. 2026 ஏப்ரல் 1 முதல் இருவரும் சேர்ந்து அந்த உரிமையை வைத்துக்கொள்ளவும் முடியும். உடன்பாடு இல்லாவிட்டால் குடும்ப நீதிமன்றம் முடிவு செய்யும்; வன்முறைக்கு அஞ்ச வேண்டிய நிலையில் ஒருவரிடமே தர வேண்டும். அடிதடி எதுவும் நடந்திருந்தால் மருத்துவரிடம் காட்டிய சீட்டு, தேதி போட்ட குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கணவருக்குத் தெரியாமல் மகனை ஊருக்கு அழைத்துப் போய்விடலாம் என்று யாராவது சொன்னால், அங்குள்ள வழக்கறிஞரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். பெற்றோரில் ஒருவர் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் ஜப்பான் 2014 முதல் இருக்கிறது, இந்தியா இல்லை. அதனால் வழக்கு இரண்டு நாடுகளிலும் நீளும்.

இந்தியாவில் உங்கள் நிலை: நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு வெளிநாட்டுத் தீர்ப்பை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று சொல்கிறது. வார்டு அலுவலகத்தில் கொடுத்த படிவம் தீர்ப்பே அல்ல என்பதுதான் சிக்கல். வெளிநாட்டு விவாகரத்து எப்போது இங்கே செல்லும் என்பதை 1991இல் நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எந்தச் சட்டத்தின்படி மணந்தார்களோ அதில் உள்ள காரணத்தின்மேல், இரு தரப்பும் மனமுவந்து கலந்துகொண்ட நீதிமன்றம் அளித்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே பிரிந்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு நீங்களே வந்தாலும், பச்சைப் படிவத்தில் கையெழுத்திட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். குடும்ப நீதிமன்றத்தின் சமரச நடவடிக்கைக்கு விண்ணப்பியுங்கள். அங்கே உடன்பாடு எழுதப்படும்போது, 'இது இறுதித் தீர்ப்புக்குச் சமமான வலுவுடையது' என்ற வாசகத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். வெளிநாட்டவர் விஷயத்தில் அப்படிச் சேர்ப்பது வழக்கத்தில் இருக்கிறது. அந்த நீதிமன்ற ஆவணத்தோடு இங்குள்ள வழக்கறிஞரை அணுகினால் அவருக்கும் பிடிப்பதற்கு ஒரு கொம்பு கிடைக்கும்.

உங்கள் விசா மனைவி என்ற நிலையில் வழங்கப்பட்டிருந்தால், விவாகரத்தான பதினான்கு நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் அதே விசாவில் சும்மா இருந்தால் ரத்தாகும் வாய்ப்பு உண்டு. ஜப்பானியப் பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு வேறு வகை வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க இடமிருக்கிறது. அந்த விண்ணப்பத்தோடும் மகனின் பெயர் இருக்கும் பதிவேட்டின் நகலைக் கேட்பார்கள். நீங்கள் மகனின் தாய் என்ற முறையில் அதை உங்கள் கையாலேயே வாங்க முடியும். கணவரிடம் கேட்க வேண்டியதில்லை. வேண்டுகோள் படிவம் கொடுக்கப் போகிற அன்றே அதையும் ஒரு படி வாங்கி வந்துவிடுங்கள்.